சத்தம் எங்கே பிறக்கிறது? சொகுசுக் கார்களின் கதை

1989-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் வந்தது. ஒரு கார். அதன் முன் மூடியின் மேல் ஷாம்பெய்ன் கோப்பைகளைக் கோபுரம் போல அடுக்கி வைத்திருக்கிறார்கள். காரின் பின்சக்கரங்கள் உருளைகளின் மேல் சுழல்கின்றன. வேகமானி முள் ஏறிக்கொண்டே போகிறது. மணிக்கு 145 மைல், அதாவது சுமார் 233 கிலோமீட்டர் வேகத்துக்கு எஞ்சின் ஓடுகிறது. மேலே அடுக்கிய கோப்பைகளில் ஒன்று கூட விழவில்லை. ஒரு சொட்டு கூடச் சிந்தவில்லை!

அந்தக் கார் லெக்சஸ் எல்.எஸ். 400. அதுவரை யாரும் கேள்விப்படாத பெயர். ஆனால் அடுத்த சில ஆண்டுகளில், நூறு ஆண்டுப் பாரம்பரியம் பேசிய ஜெர்மன் நிறுவனங்களின் தூக்கத்தைக் கெடுத்த பெயர்.

சொகுசுக் கார் வாங்குபவர் மூன்று விஷயங்களைக் கேட்பார். உட்கார்ந்தால் சுகமாக இருக்க வேண்டும். உள்ளே சத்தம் வரக்கூடாது. பல வருஷம் தொல்லை கொடுக்காமல் ஓட வேண்டும். பொதுவாக இவற்றை மூன்று தனித்தனி குணங்களாகவே எண்ணி மார்க் போடுகிறோம். ஆனால் சொகுசுக் கார்களின் வரலாற்றைப் புரட்டினால் வேறொரு விஷயம் தெரிகிறது. பல இடங்களில் இவை மூன்றும் ஒரே வேரில் இருந்து வருகின்றன. அந்த வேரைப் பார்த்தவர் ஜெயித்தார். கிளையை மட்டும் பார்த்தவர் நிறையப் பணம் செலவழித்தார்.

அது என்ன வேர்? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

வெள்ளிப் பேய்

1907. கார் என்றாலே புகை, தடதடப்பு, வழியில் நின்று போவது என்றிருந்த காலம். குதிரை வண்டிக்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். அப்போது இங்கிலாந்தில் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் ஆறு சிலிண்டர் கொண்ட 40/50 குதிரைசக்தி கார் ஒன்றைச் செய்தது. நிறுவனத்தின் நிர்வாகி கிளாட் ஜான்சன் அதற்கு வெள்ளி நிறம் பூசச் சொன்னார். பேய் போலச் சத்தமில்லாமல் வருகிறதே என்று ‘சில்வர் கோஸ்ட்’ எனப் பெயரும் வைத்தார்.

பெயர் வைத்ததோடு விடவில்லை. லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே அந்தக் காரைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் பார்வையாளர்கள் உடன் இருந்தார்கள். 14,371 மைல், அதாவது 23,000 கிலோமீட்டருக்கு மேல் அது பழுதென்று நிற்காமல் ஓடியது. முடிந்ததும் காரைப் பிரித்துப் போட்டு ஒவ்வொரு பாகத்தையும் அளந்தார்கள். தேய்ந்தவற்றை மாற்றிப் புதிது போல ஆக்க எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். வந்த தொகை 2 பவுண்டு, 2 ஷில்லிங், 7 பென்ஸ். அவ்வளவுதான்!

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சத்தமில்லாத கார் என்று பெயர் வாங்கிய அதே கார்தான் தேயாத கார் என்றும் நிரூபித்தது. இது தற்செயலா? இல்லை. சத்தம் என்பது அதிர்வு. இரண்டு பாகங்கள் சரியாகப் பொருந்தாமல் ஒன்றை ஒன்று தட்டினால் அதிர்வு வரும். அந்தத் தட்டல்தான் காதுக்குச் சத்தமாகக் கேட்கிறது. அதே தட்டல்தான் உலோகத்தையும் தேய்க்கிறது. பாகங்கள் துல்லியமாகப் பொருந்தினால் இரண்டு தொல்லையும் சேர்ந்து குறையும்.

ஐம்பது ஆண்டு கழித்து, 1958-ல், விளம்பர உலகின் பெரிய ஆளான டேவிட் ஓகில்வி இதே நிறுவனத்துக்கு ஒரு விளம்பரம் எழுதினார். 60 மைல் வேகத்தில் போகும்போது இந்தக் காரில் கேட்கும் பெரிய சத்தமே மின்சாரக் கடிகாரத்தின் சத்தம்தான் என்பது அதன் தலைப்பின் கருத்து. விளம்பரக் கலை படிப்பவர்களுக்கு இன்றும் பாடமாக இருக்கும் தலைப்பு அது. அமைதி என்பது விற்கக்கூடிய சரக்கு என்று அது உலகத்துக்குக் காட்டியது.

சுகம் ஒரு பக்கம், நம்பிக்கை ஒரு பக்கம்

ஆனால் எல்லோரும் வேரைப் பிடிக்கவில்லை. சிலர் சுகத்தை மட்டும் பிடித்தார்கள்.

1955 அக்டோபரில் பாரிஸ் கார் கண்காட்சியில் சித்ரோன் நிறுவனம் டி.எஸ். என்ற காரைக் காட்டியது. முதல் நாளிலேயே 12,000 ஆர்டர்கள் குவிந்தன. சாதாரண ஸ்பிரிங்குக்குப் பதிலாக உருண்டைக் குடுவைகளில் அடைத்த நைட்ரஜன் வாயுவும், குழாய்களில் ஓடும் திரவமும் அந்தக் காரைத் தாங்கின. பால் மாஜேஸ் என்ற பொறியாளரின் மூளையில் உதித்த ஏற்பாடு இது. மேடு பள்ளமான பிரெஞ்சு கிராமச் சாலைகளில் அது படகு போல மிதந்து போனது.

சிக்கல் எங்கே வந்தது? அந்தத் திரவத்தில். ஆரம்பத்தில் பயன்படுத்திய திரவம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் வகை. ஈரம் சேர்ந்தால் உள்ளே துரு பிடிக்கும். சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டியரிங் எல்லாம் அதே திரவ அழுத்தத்தை நம்பியிருந்ததால், ஒரு இடத்தில் பிரச்சினை வந்தால் பல இடத்தில் வந்த மாதிரி. 1966-ல்தான் ஈரம் இழுக்காத பச்சை நிறக் கனிம எண்ணெய்க்கு மாறினார்கள். அதற்குப் பிறகுதான் தொல்லைகள் பெருமளவு குறைந்தன. உலகின் மிகச் சுகமான கார்களில் ஒன்று, நம்பகமான காராக ஆவதற்கு பதினோரு ஆண்டு பிடித்தது!

அமெரிக்காவில் போர்டு நிறுவனத்தின் லிங்கன் பிரிவு எதிர்த் திசையில் இருந்து வந்தது. 1961-ம் ஆண்டு லிங்கன் கான்டினென்டல் காருக்கு வைத்த ஒவ்வொரு எஞ்சினையும் முதலில் தனியே மூன்று மணி நேரம் ஓட்டினார்கள். பிறகு அதைப் பிரித்துச் சோதித்து மறுபடி சேர்த்தார்கள். முழுக் காரையும் 12 மைல் சாலையில் ஓட்டிப் பார்த்த பிறகே வெளியே அனுப்பினார்கள். இரண்டு வருஷம் அல்லது 24,000 மைல் வரை உத்தரவாதம் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் அது துணிச்சலான வாக்குறுதி.

நல்ல முயற்சிதான். ஆனால் இது ‘செய்த பிறகு சோதிப்பது’. தவறு முதலிலேயே பிறக்காமல் செய்வது எப்படி என்ற கேள்வி பாக்கி இருந்தது.

ஜப்பானில் ஒரு ரகசியக் கூட்டம்

1980-களின் தொடக்கம். ஜப்பான் கார் என்றால் சின்ன கார், மலிவான கார், பெட்ரோல் குடிக்காத கார். அவ்வளவுதான் பெயர். அமெரிக்காவில் அவை அதிகமாக விற்றதால் உள்ளூர் நிறுவனங்கள் அலறின. விளைவாக 1981-ல் ஜப்பான் தானாகவே ஒரு கட்டுப்பாட்டை ஏற்றுக்கொண்டது. ஆண்டுக்கு 16.8 லட்சம் கார்களுக்கு மேல் அமெரிக்காவுக்கு அனுப்புவதில்லை என்று ஒப்புக்கொண்டது.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இதன் அடுத்த அடி உடனே புரியும். விற்கும் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தால் வியாபாரி என்ன செய்வார்? ஒவ்வொரு சரக்கிலும் அதிக லாபம் வரும்படி விலை உயர்ந்த சரக்கை விற்பார்! அமெரிக்கத் தொழிலாளரைக் காப்பாற்றப் போட்ட வேலி, ஜப்பானியரை மேல் மாடிக்கு ஏற்றிவிட்டது. போதாததற்கு 1985-ல் கையெழுத்தான பிளாசா உடன்படிக்கைக்குப் பிறகு யென்னின் மதிப்பு வேகமாக ஏறியது. டாலருக்கு 240 யென் அளவில் இருந்தது, 1988-ல் 130-க்கு அருகில் வந்தது. மலிவுக் காரில் லாபம் பார்ப்பது இன்னும் கஷ்டமானது.

இந்தச் சூழலில்தான் 1983 ஆகஸ்டில் டொயோட்டாவின் தலைவர் எய்ஜி டொயோடா ஒரு ரகசியக் கூட்டத்தைக் கூட்டினார். உலகின் மிகச் சிறந்த காருக்குச் சவால் விடும் ஒரு காரை நம்மால் செய்ய முடியுமா? இதுதான் அவர் கேட்ட கேள்வி. அப்படித் தொடங்கிய திட்டத்துக்கு எஃப்-1 என்று பெயர். சுமார் 1,400 பொறியாளர்கள் வேலை செய்தார்கள். 450 அளவில் மாதிரிக் கார்கள் செய்தார்கள். செலவு 100 கோடி டாலருக்கு மேல். 1985-ல் ஒரு குழு கலிபோர்னியாவின் லகுனா பீச்சில் வீடு வாடகைக்கு எடுத்துத் தங்கியது. பணக்கார அமெரிக்கர்கள் எப்படி வாழ்கிறார்கள், காரில் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொண்டது.

சுஸுகியின் பிடிவாதம்

திட்டத்தின் தலைமைப் பொறியாளர் இச்சிரோ சுஸுகி. அவர் வைத்த இலக்குகளைப் பார்த்த சகாக்கள் திகைத்தார்கள். மணிக்கு 250 கிலோமீட்டர் போக வேண்டும், ஆனால் பெட்ரோல் குறைவாகக் குடிக்க வேண்டும். உள்ளே சத்தம் இருக்கக்கூடாது, ஆனால் எடை ஏறக்கூடாது. 100 கிலோமீட்டர் வேகத்தில் உள்ளே கேட்கும் ஒலி 58 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். காற்றைக் கிழித்துப் போகும் திறனைக் காட்டும் எண் 0.29-க்குள் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு இலக்கும் இன்னொன்றோடு சண்டை போடுகிறது பாருங்கள். சத்தத்தைக் குறைக்க எளிய வழி கனமான மெத்தைகளைச் சுற்றி அடைப்பது. அடைத்தால் எடை கூடும். எடை கூடினால் வேகம் குறையும், பெட்ரோல் செலவு ஏறும். சுஸுகி சமரசம் செய்துகொள்ள மறுத்தார். ‘இதுவும் வேண்டும், ஆனாலும் அதுவும் வேண்டும்’ என்பதே அவர் கொள்கை. அதை நிறைவேற்ற அவர் கையில் எடுத்த ஆயுதம்தான் இந்தக் கட்டுரையின் சாரம். ஜப்பானிய மொழியில் அதை ‘கென்ரியூ தைசாகு’ என்பார்கள். ஊற்றுக்கண்ணிலேயே பரிகாரம் என்று பொருள். ஆறு கலங்கினால் ஊருக்குள் வடிகட்டி வைக்காதே, மலையில் ஊற்று இருக்கும் இடத்துக்குப் போ என்பது போல.

சத்தத்தின் ஊற்றுக்கண் எது? எஞ்சின். அதன் பாகங்களை வழக்கத்தைவிட மிக நுணுக்கமாகச் செய்தால் அதிர்வே பிறக்காது என்றார் சுஸுகி. எஞ்சின் தொழிற்சாலையில் மறுத்தார்கள். கடைசல் இயந்திரத்தின் துல்லியம் எவ்வளவோ அவ்வளவுதான் பாகத்தின் துல்லியமும் இருக்கும், அதைத் தாண்ட முடியாது என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான். ஒரே ஒரு எஞ்சினையாவது செய்து பாருங்கள் என்று சுஸுகி விடாமல் கேட்டார். செய்தார்கள். அது ஓடிய மென்மையைப் பார்த்த பிறகு, மறுத்தவர்களே அதை எப்படி ஆயிரக்கணக்கில் செய்வது என்று யோசிக்க ஆரம்பித்தார்கள்.

அப்படி உருவானதுதான் 4 லிட்டர், 8 சிலிண்டர், 32 வால்வு, 250 குதிரைசக்தி கொண்ட அலுமினிய எஞ்சின். எஞ்சினில் இருந்து கியர்பெட்டி, அங்கிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் தண்டு எல்லாவற்றையும் முடிந்தவரை ஒரே நேர்கோட்டில் அமைத்தார்கள். கோணம் இருந்தால்தானே இணைப்பில் உதறல் வரும்? அதற்கும் மிஞ்சி வரும் சத்தத்துக்கு மட்டும், எஞ்சினுக்கும் பயணிக்கும் இடையிலான சுவரில், இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே அதிர்வு உறிஞ்சும் பொருளை வைத்தார்கள். முதலில் நோய்க்கு மருந்து, பிறகுதான் வலிக்குக் களிம்பு!

புகார் வந்தபோது

1989 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் காரைக் காட்டினார்கள். செப்டம்பரில் விற்பனை தொடங்கியது. ஆரம்ப விலை 35,000 டாலர். இதே அளவுள்ள ஜெர்மன் கார்களைவிட மிகவும் குறைவு.

மூன்றே மாதத்தில் சோதனை வந்தது. பிரேக் விளக்கிலும், வேகத்தை நிலையாக வைக்கும் க்ரூஸ் கண்ட்ரோல் கருவியிலும் கோளாறு என்று ஓரிரு புகார்கள். விற்றிருந்தது சுமார் 8,000 கார்கள். புது பிராண்டு. நம்பகத்தன்மையை மட்டுமே முதலாக வைத்து இறங்கிய கம்பெனி. மூடி மறைத்திருக்கலாம். ஆனால் டிசம்பரில் விற்ற கார் அத்தனையையும் திரும்ப அழைத்தார்கள். மெக்கானிக்குகளே வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனார்கள். காரைச் சரி செய்து, கழுவி, பெட்ரோல் நிரப்பிக் கொடுத்தார்கள். சுமார் மூன்று வாரத்தில் வேலை முடிந்தது.

கணக்கு ஏட்டில் இது வெறும் செலவு. ஆனால் இந்தச் செலவு வாங்கித் தந்த நற்பெயரை எந்த ஐந்தொகையிலும் எழுத முடியாது. 1991-ல் அமெரிக்க விற்பனையில் லெக்சஸ், பென்ஸையும் பி.எம்.டபிள்யூ.வையும் தாண்டியது.

ஸ்டுட்கார்ட்டின் பதில்

அதே 1991-ல் ஜெனீவா கண்காட்சியில் மெர்சிடிஸ் பென்ஸ் தன் புதிய எஸ் வகுப்புக் காரை இறக்கியது. டபிள்யூ 140 என்பது அதன் உள்பெயர். சத்தத்தையும் வெப்பத்தையும் தடுக்க ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி. லேசாகச் சாத்தினால் தானே இழுத்துக்கொண்டு மூடும் கதவு. பென்ஸ் விற்பனைக் கார்களில் முதல் 12 சிலிண்டர் எஞ்சின். உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினால் வெளி உலகமே அணைந்து போகும். அமைதி என்ற ஒரே அளவுகோலை வைத்தால் அது மாபெரும் சாதனை. அதில் சந்தேகமில்லை.

ஆனால் அதற்குக் கொடுத்த விலை? 12 சிலிண்டர் வகையின் எடை 2 டன்னைத் தாண்டியது. லெக்சஸ் 1,700 கிலோ அளவில் இருந்தது. திட்டம் தாமதமானது, செலவு எகிறியது. கார் இவ்வளவு பெரிதாக இருக்கலாமா என்று ஜெர்மனியிலேயே கேலி செய்தார்கள்.

இன்னொரு சோகமும் உண்டு. 1990-களின் முதல் பாதியில் வந்த பல பென்ஸ் கார்களில் எஞ்சின் வயர்களின் மேலுறை, சுற்றுச்சூழலுக்கு ஏற்றதாக இருக்கட்டும் என்று மக்கக்கூடிய வகையில் செய்யப்பட்டது. எஞ்சின் சூட்டில் அது சில வருஷங்களிலேயே நொறுங்கியது. இரட்டைக் கண்ணாடி போட்டு வெளிச்சத்தத்தை வெளியே நிறுத்திய காரை, உள்ளே ஓடிய ஒரு வயரின் உறை படுக்க வைத்தது!

காலம் சொன்ன தீர்ப்பு

லெக்சஸ் குறையே இல்லாத கார் என்று நினைத்துவிடக் கூடாது. அதன் ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினின் நடுவே, மேல் பாகங்களுக்கு அடியில் ஒளிந்திருக்கும். அது கெட்டால் பாதி எஞ்சினைக் கழற்ற வேண்டும். பவர் ஸ்டியரிங் பம்ப் கசிந்து கீழே இருக்கும் ஆல்டர்னேட்டர் மேல் எண்ணெய் சொட்டுவது பழைய கார்களில் தெரிந்த வியாதி. டைமிங் பெல்ட்டைக் காலாகாலத்தில் மாற்ற வேண்டும். ஓட்டுவதில் கிடைக்கும் சுவாரசியத்தில் பி.எம்.டபிள்யூ.வின் பக்கத்தில் நிற்க முடியாது என்று சொன்னவர்களும் உண்டு.

ஆனாலும் 1996-ம் ஆண்டு எல்.எஸ். 400 ஒன்று, பல லட்சம் மைல் ஓடிய பிறகு ஒரு அமெரிக்கக் கார் பத்திரிகையாளர் கைக்கு வந்து, 2017-ல் 10 லட்சம் மைலைத் தொட்டது. சுமார் 16 லட்சம் கிலோமீட்டர்! ஒரு காரை வைத்து எல்லாக் கார்களையும் எடை போட முடியாது. ஆனால் ஊற்றுக்கண்ணில் செய்த வேலை முப்பது வருஷம் கழித்தும் பேசுகிறது என்பதற்கு இது ஒரு சாட்சி.

நற்பெயர் யாருக்கும் நிரந்தரப் பட்டா இல்லை என்பதையும் வரலாறு காட்டியது. 2005-ல் பென்ஸ் மின்சார, பிரேக் கோளாறுகளுக்காக 13 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து அவமானப்பட்டது. லெக்சஸுக்கும் அதன் முறை வந்தது. 2009 ஆகஸ்டில் சான் டியேகோ அருகே லெக்சஸ் இ.எஸ். 350 கார் ஒன்று கட்டுப்பாடு இழந்து நான்கு பேர் இறந்தார்கள். ஆக்சிலரேட்டர் மிதியில் தரைவிரிப்பு சிக்கிக்கொண்டதே காரணம் என்று தெரிந்தது. டொயோட்டா பல லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. 2010 பிப்ரவரியில் தலைவர் அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் மன்னிப்புக் கேட்டார். 1989-ல் ஓரிரு புகாருக்கு ஓடிய நிறுவனம், வளர்ந்து பெருத்த பிறகு நிதானமாக நடந்தது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. உயிர் போன பிறகு காரைக் கழுவிக் கொடுத்து என்ன பயன்?

இனி?

இப்போது மின்சாரக் கார்களின் காலம். ரோல்ஸ் ராய்ஸே 2023-ல் ஸ்பெக்டர் என்ற மின்சாரக் காரை வாடிக்கையாளருக்குக் கொடுக்கத் தொடங்கியது. பெட்ரோல் எஞ்சின் என்ற பெரிய ஊற்றுக்கண்ணே அடைபட்டுவிட்டது. பிரச்சினை தீர்ந்ததா என்றால் இல்லை. எஞ்சின் அடங்கியதும் டயர் சத்தமும் காற்றுச் சத்தமும் பெரிதாகக் கேட்கின்றன. அளவு மீறினால் அமைதியும் உறுத்தும் போல. 2020-ல் வந்த ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்ட் காரைச் செய்தபோது, உள்ளே முழு நிசப்தம் தலைசுற்றல் போன்ற சங்கடத்தைத் தந்ததாகவும், அதனால் மெல்லிய ஒரு முணுமுணுப்பை வேண்டுமென்றே விட்டுவைத்ததாகவும் அந்நிறுவனமே சொன்னது.

எனவே அடுத்த முறை இரண்டு சொகுசுக் கார்களை ஒப்பிடும்போது, எது அதிக அமைதி என்று மட்டும் கேட்டால் போதாது. அந்த அமைதி எப்படி வந்தது என்றும் கேட்க வேண்டும். சத்தத்தைப் போர்வை போட்டு மூடினார்களா, அல்லது பிறக்காமல் செய்தார்களா? போர்வையின் சுகம் ஷோரூமில் தெரிந்துவிடும். போர்வைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது தெரிய பத்து வருஷம் ஆகும்.

காருக்கு மட்டுமல்ல, புகார்களுக்கும் இதுவேதான் கணக்கு.